பெலாண்டா ஹித்தாம்

மலாக்காவின் சிவப்புக் கட்டடத்துக்கு முன்னால் நின்று படம் எடுக்காத மலேசியத் தமிழர் நம்மில் குறைவு. 'டச்சுக்காரன் கட்டினது' என்பதோடு நம் வரலாற்றறிவு முடிந்துவிடும். 1641இல் மலாக்காவைப் பிடிப்பதற்கு நான்கு வருடம் முன்பு, 1637இல், அதே போர்த்துக்கீசியரிடமிருந்து அதே டச்சுக்காரர்கள் எல்மினா கோட்டையைப் பிடித்திருந்தார்கள். இன்றைய கானாவில் இருக்கிறது. கிழக்கே ஒரு கம்பெனி, மேற்கே ஒரு கம்பெனி. எல்மினாவின் நிலவறைகளிலிருந்து அட்லாண்டிக் கப்பல்களுக்கு அனுப்பப்பட்டவர்களின் கதை ஓரளவு எல்லோருக்கும் தெரியும். என்னை விடாமல் தொந்தரவு செய்வது, அடிமை வணிகம் சட்டப்படி நின்ற பிறகு அங்கே நடந்த இன்னொரு காரியம்.

1814இல் நெதர்லாந்து அடிமை வணிகத்தைத் தடை செய்தது. 1825 முதல் 1830 வரை நடந்த ஜாவா போரில் ஏறக்குறைய 8000 ஐரோப்பியச் சிப்பாய்களை இழந்தது. பலர் காய்ச்சலில் போனவர்கள். வெயில் தாங்குகிற ஆள் வேண்டும். ஆகவே 1831 தொடங்கி 1872 வரை சுமார் 3000 ஆப்பிரிக்கர்கள் எல்மினா வழியாக ஜாவாவுக்கும் சுமத்ராவுக்கும் சிப்பாய்களாக வந்தார்கள். உள்ளூர்க்காரர்கள் அவர்களுக்கு வைத்த பெயர் 'பெலாண்டா ஹித்தாம்'. கறுப்பு டச்சுக்காரன்.

வந்தவர்களில் பலர் அடிமைகள். அடிமையை ராணுவத்தில் சேர்த்தால் அது அடிமை வணிகம்தானே? அதற்கும் வழி வைத்திருந்தார்கள். எஜமானுக்கு டச்சு அரசு பணம் கொடுத்துவிடும். அடிமையின் கையில் விடுதலைப் பத்திரம் வரும். இப்போது அவன் சுதந்திர மனிதன், தானே விரும்பிப் படையில் சேருகிறான். அவனுக்காகக் கொடுத்த பணத்தை அவன் சம்பளத்திலேயே பிடித்துக்கொள்வார்கள். அதாவது, ஒருத்தன் தன்னையே கடனுக்கு வாங்குகிறான். கடன் கொடுத்தவனே முதலாளி. கங்காணியின் முன்பணக் கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது சட்டென்று புரியும்.

சரி, அவன் சம்மதித்தானா? வேண்டாம் என்று சொன்னால் திரும்பிப் போக அவனுக்கு இருந்தது பழைய எஜமானின் வீடு மட்டும். இதைச் சம்மதம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பத்திரம் யாரைக் காப்பாற்றியது என்று பார்த்தால், கொடுத்தவனைத்தான். பிரிட்டிஷ்காரன் கேள்வி கேட்டால் எடுத்துக் காட்டலாம்! (கேட்கவும் செய்தான். 1842இல் ஆள்சேர்ப்பு சில காலம் நின்றுபோனது.)

ஆனால் இங்கேயே நிறுத்தி, 'பாவம், ஏமாற்றப்பட்டவர்கள்' என்று கண்ணைத் துடைத்துக்கொள்வதும் எனக்கு ஒப்பவில்லை. அந்த ஆட்கள் பத்திரத்தை நிஜமாகவே எடுத்துக்கொண்டார்கள். ஐரோப்பியச் சிப்பாய்க்குச் சமமாக நடத்துவோம் என்று சொல்லித்தானே கூட்டி வந்தீர்கள், அப்புறம் ஏன் குறைக்கிறீர்கள் என்று 1840களின் தொடக்கத்தில் கலகமே செய்தார்கள். எவனோ ஒப்புக்கு எழுதிய பொய்யை, 'எழுதியிருக்கிறாய், கொடு' என்று பிடித்துக்கொண்டார்கள். எனக்கு அவர்கள்மேல் மரியாதை வருவது இந்த இடத்தில்தான்.

சிக்கலும் இதே இடத்தில்தான். பத்திரத்தை நம்பிக் கலகம் செய்கிற அளவுக்குச் சுயபுத்தி உள்ளவன் என்றால், சுமத்ராவில் அவன் துப்பாக்கிக்கு முன்னால் நின்றவனுக்கும் அவன் பதில் சொல்ல வேண்டும் இல்லையா? அந்தக் கிராமத்தான் ஆப்பிரிக்காவைக் கேள்விப்பட்டுக்கூட இருக்க மாட்டான். அவனுக்குத் தெரிந்தது பூட்ஸ் போட்ட ஒரு பெலாண்டா. சிப்பாயின் கடனைச் சொல்லி அவனிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு உரிமை இல்லை. சிப்பாயை டச்சு அதிகாரியோடு ஒரே தட்டில் வைக்கவும் மனம் வரவில்லை. இரண்டு பக்கமும் எடைபோட்டு ஒரு சதவீதம் சொல்லிவிடலாம் என்று நினைக்கிறவர்கள் கணக்குப்பிள்ளை வேலைக்குப் போகலாம்.

சேவை முடிந்து சிலர் ஜாவாவிலேயே தங்கினார்கள். பூர்வொரெஜோவில் 1859இல் அவர்களுக்கு நிலம் கொடுக்கப்பட்டது. சிலர் எல்மினாவுக்கே திரும்பினார்கள். கோட்டைக்குப் பின்னால் அவர்கள் குடியேறிய குன்றுக்கு இன்றும் ஜாவா ஹில் என்றுதான் பெயர். அங்கிருந்து இறங்கி, நிலவறைகள் இருந்த அதே கோட்டைக்குப் போய் ஓய்வூதியம் வாங்கினார்கள்.