விழுந்து கும்பிட மறுத்தவன்

நண்பர் ஒருவரின் மகள் கொரியாவில் முதுகலை படிக்கிறாள். விடுமுறைக்கு வந்தவள் போன வாரம் வீட்டுக்கு வந்து, லேப்டாப்பைத் திறந்து படம் காட்ட ஆரம்பித்தாள். வெளிநாட்டுப் படம் காட்டுகிறவர்களிடமிருந்து தப்பிக்க நான் சில உபாயங்கள் வைத்திருக்கிறேன். அன்றைக்கு ஒன்றும் பலிக்கவில்லை. பலிக்காததே நல்லதாகப் போயிற்று.

வெளிநாட்டு மாணவர்களை அங்கே பல்கலைக்கழகமே பஸ் வைத்துக் 'கலாசாரப் பயணம்' அழைத்துப் போகிறது. இவர்கள் போனது ஜொன்ஜு. சியோலிலிருந்து தெற்கே மூன்று மணி நேரம். பிபிம்பாப்புக்குப் பேர்போன ஊர். சோற்றின் மேல் கீரை, முளைப்பயறு, காய், முட்டை எல்லாம் தனித்தனியாக அழகாக அடுக்கிக் கொண்டுவந்து வைப்பார்கள். நாம் மிளகாய் விழுதைப் போட்டு அந்த அழகைப் பிசைந்து கெடுத்துவிட்டுச் சாப்பிட வேண்டும். வளைந்த ஓட்டுக்கூரை வீடுகள் நிறைந்த பழைய பேட்டை ஒன்று இருக்கிறது. வாடகைக்கு ஹான்பொக் உடுத்திக்கொண்டு தெருவெல்லாம் பெண்கள் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். இதெல்லாம் எந்தச் சுற்றுலாவிலும் உள்ளதுதான்.

அப்புறம் ஒரு மணி நேர மரியாதை வகுப்பு. பெரியவர்களை விழுந்து கும்பிடுவது எப்படி என்று சொல்லித் தருகிறார்கள். லேசில்லை. ஆண் என்றால் இடது கை மேலே, வலது கை கீழே. பெண் என்றால் வலது கை மேலே. துக்க வீட்டில் இது அப்படியே தலைகீழ். உயிரோடு இருப்பவருக்கு ஒரு முறை விழுந்தால் போதும். இறந்தவருக்கு இரண்டு. புத்தருக்கு மூன்று. "எண்ணிக்கையை மாத்தினா அர்த்தமே மாறிடும் அங்கிள்" என்றாள்.

ஊர்ப் பெரியவர் ஒருவர் மெத்தையில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு முன்னால் இருபது பேரும் வரிசையாக விழ வேண்டும். பத்தொன்பது பேர் விழுந்தார்கள். மத்திய ஆசியாவிலிருந்து வந்த ஒரு பையன் மட்டும் அப்படியே நின்றான். முகத்தில் கோபம் கிடையாது, முறைப்பும் கிடையாது. "மன்னிச்சிடுங்க டீச்சர். என் தலை தரையில் படுறது ஒருத்தனுக்கு மட்டும்தான்" என்றானாம்.

ஆசிரியை ஒரு விநாடி யோசித்தார். பிறகு தன் கேமராவை அவன் கையில் கொடுத்து, "அப்ப நீ படம் எடு" என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் இதுதான் பேச்சு. 'இவன் எதுக்குக் கொரியாவுக்கு வந்தான்?', 'அந்தப் பெரியவர் மனசு என்ன பாடுபட்டிருக்கும்?', 'இது மதமா என்ன, வெறும் கலாசாரம்தானே! குனிஞ்சா குறைஞ்சா போயிடுவான்?' பையன் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தானாம்.

நீங்கள் அந்த வரிசையில் நின்றிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? அவசரப்படாதீர்கள். அதற்கு முன்னால் அந்த ஊரைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும்.

அதே பேட்டையின் முனையில் செங்கல்லில் கட்டிய அழகான மாதா கோயில் ஒன்று இருக்கிறது. ஜொன்டொங் தேவாலயம். இவள் படங்களிலும் இருந்தது, ஹான்பொக் பெண்களுக்குப் பின்னணியாக. அந்த இடத்தில் அது எழும்பியதற்கு ஒரு காரணம் உண்டு. 1791-ல் யுன் ஜி சுங் என்பவரின் தலையை வெட்டியது கோட்டை வாசலுக்கு வெளியே அங்கேதான்.

யுன் ஏழையோ பாமரனோ இல்லை. மேல்குடி, படித்த குடும்பம், அரசுப் பரீட்சையில் தேறியவர். கத்தோலிக்கராக மாறியிருந்தார். அந்த வருஷம் அம்மா இறந்துபோனார். முன்னோர் பெயர் எழுதிய மரப்பலகைகளை வைத்து அதற்கு முன்னால் விழுந்து கும்பிட வேண்டும். அது அந்நாளைய முறை மட்டுமல்ல, அரசாங்கமே அதன் மேல்தான் நின்றுகொண்டிருந்தது. யுன் மறுத்தார். பலகைகளை எரித்தும்விட்டார். துணை நின்ற உறவினர் ஒருவருக்கும் அவருக்கும் சேர்த்து மரண தண்டனை. எலும்புகள் இன்னவை என்று அடையாளம் தெரிந்ததே 2021-ல்தான், 230 வருஷம் கழித்து.

அம்மா மேல் பாசம் இல்லாதவர் என்று அவரைச் சொல்ல முடியாது. துக்கம் கொண்டாடினார், அடக்கமும் செய்தார். கும்பிடு மட்டும் போடவில்லை.

இதில் ஒரு வேடிக்கை. 1939-ல் வாடிகன் இறங்கி வந்தது. கன்ஃபூசியஸ் வழியில் முன்னோருக்குச் செய்வது வழிபாடு இல்லை, சமூக மரியாதை, செய்யலாம் என்றது. இன்றைக்குக் கொரியக் கத்தோலிக்கக் குடும்பங்களில் அதைச் சாதாரணமாகச் செய்கிறார்கள். அப்படியானால் யுன் அநியாயமாகச் செத்தாரா? கொஞ்சம் பொறுத்திருந்தால் போதுமா? நூற்று நாற்பத்தெட்டு வருஷம் பொறுக்க வேண்டியிருந்திருக்கும், அவ்வளவுதான்!

'வெறும் கலாசாரம்தானே' என்ற வார்த்தையைக் கேட்டால் எனக்கு லேசாகப் பயம் வருவது இதனால் அல்ல, அடுத்த கதையால். கொரியாவை ஜப்பான் ஆண்ட காலம். ஷிண்டோ கோயில்களின் முன் எல்லோரும் வணங்கியாக வேண்டும் என்று உத்தரவு. கிறிஸ்தவர்கள் தயங்கியபோது ஆட்சியாளர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? 'இது மதம் இல்லை, தேசிய மரியாதை!' 1938-ல் பிரஸ்பிடேரியன் சபையின் பொதுக்குழு, சுற்றிலும் போலீஸ் நிற்க, 'ஆமாம், இது மதம் இல்லை' என்று தீர்மானமே போட்டது. ஜு கி சொல் என்ற போதகர் குனிய மாட்டேன் என்றார். 1944-ல் பியோங்யாங் சிறையில் இறந்தார். குனிந்தவர்களில் ஹான் க்யொங் ஜிக் என்பவரும் உண்டு. பின்னாளில் பெரிய போதகர், 1992-ல் டெம்பிள்டன் பரிசு வாங்கியவர். அந்தப் பாராட்டு விழாவில் வைத்து, 'நான் அன்றைக்குக் குனிந்தேன், அது என் பாவம்' என்ற அர்த்தத்தில் எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொண்டார். அரை நூற்றாண்டு கழிந்தும் அந்த ஒரு குனிவு அவரை விடவில்லை, பாருங்கள்.

இப்போது பஸ்ஸுக்கு வருவோம். மெத்தையில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஜப்பான் போலீஸ் இல்லை. யாரும் யாரையும் மிரட்டவில்லை. முடிந்ததும் டீயும் அரிசிப் பலகாரமும் கொடுத்து அனுப்பினார்கள். இந்த இடத்தில் போய் யுன்னையும் ஜுவையும் இழுப்பது கொஞ்சம் ஓவர் என்று நீங்கள் சொல்லலாம். நியாயம்தான். ஆனால் கும்பிடு என்பது வெறும் தேகப்பயிற்சி என்றால் அந்த ஊர் எதற்கு ஒரு மணி நேரம் வகுப்பு எடுக்கிறது? எந்தக் கை மேலே, எத்தனை தடவை என்று எதற்கு அத்தனை கண்டிப்பு? கும்பிடுக்கு அர்த்தம் இருக்கிறது என்று ஊர் சொல்கிறது. 'ஆமாம், இருக்கிறது, அதனால்தான் என்னால் முடியாது' என்கிறான் பையன். 'அர்த்தமெல்லாம் ஒன்றுமில்லை, ஜாலியாக விழலாம்' என்றவர்கள்தான் பஸ்ஸில் அவனைத் திட்டிக்கொண்டு வந்தவர்கள்.

இதை நான் சொன்னதும் அவள் முகம் வாடிவிட்டது. "அப்ப நான் செஞ்சது நடிப்பா அங்கிள்? எல்லாரும் விழுந்தாங்க, நானும் விழுந்தேன். ஆனா நெத்தி கீழ போனப்ப எங்க பாட்டி ஞாபகம் வந்துச்சு. தரை கதகதன்னு இருந்துச்சு, அடியில சூடு ஓடுமில்ல... எந்திரிக்கவே தோணல."

இதற்கு என்னிடம் பதில் இல்லை. விழாமல் இருந்திருந்தால் அந்தப் பெண்ணுக்கு ஜொன்ஜுவில் பாட்டி கிடைத்திருக்க மாட்டாள். வெளியே நின்று பார்த்தால் புரியாத சில விஷயங்கள் தரைக்குப் போனால்தான் புரியும், அதுவும் உண்மை. 'பிறர் சடங்கில் கலந்துகொள்ளாதே' என்று ஒரு சட்டம் போட்டால், நாம் எல்லோரும் அவரவர் வீட்டுக்குள் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். எனக்குப் பஸ்ஸின் பேரில்தான் கோபம். பத்தொன்பது பேரில் ஒருவராவது அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, 'ஏன்டா?' என்று விசாரித்திருக்கலாம். கலாசாரம் படிக்கப் போன பஸ்தானே அது! அந்த ஆசிரியையை மட்டும் எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. அவனைக் கட்டாயப்படுத்தவும் இல்லை, வெளியே அனுப்பவும் இல்லை.

வகுப்புப் படங்களை மறுபடி ஒருமுறை ஓட்டச் சொன்னேன். எல்லாம் அவன் எடுத்தவை என்பதால் எதிலும் அவன் இல்லை. நன்றாகவே எடுத்திருக்கிறான். பத்தொன்பது முதுகுகள், பெரியவரின் சிரித்த முகம், ஒவ்வொருவராகக் கிட்டத்தில்.

இவள் படம் வந்ததும் நிறுத்தினாள். உற்றுப் பார்த்தாள். "ஐயய்யோ" என்றாள்.

இடது கை மேலே இருந்தது.