கிக்கரை மிதிக்காதே!

வண்டி கால்வாய்க்குள் கிடக்கிறது. ஹேண்டில்பாரின் ஒரு முனை மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிகிறது.

நீ கரையில் நிற்கிறாய். சட்டை சொட்டுகிறது. கை நடுங்குகிறது. ஒரு செருப்பைக் காணோம்.

நிற்கிறாய் அல்லவா? வண்டியோடு தண்ணீருக்குள் போன எல்லோரும் கரையேறி நின்றதில்லை. பாதி வேலை முடிந்துவிட்டது!

தலையில் அடி பட்டதா? வாந்தி வருகிறதா? கண் மங்குகிறதா? அப்படியானால் மேலே படிக்காதே. ஆஸ்பத்திரிக்குப் போ. இரும்பு காத்திருக்கும்.

குடித்துவிட்டு ஓட்டினாயா? அப்படியானால் முதலில் பழுது பார்க்க வேண்டியது வண்டியை இல்லை. அதை நீயே அறிவாய்.

வேறு எந்தக் காரணமாக இருந்தாலும் சரி. எதிரே வந்த டிராக்டரின் வெளிச்சமோ, கரையில் கொட்டிக் கிடந்த ஜல்லியோ, குறுக்கே பாய்ந்த நாயோ, எதுவாகவும் இருக்கட்டும். விழுந்தாய். முடிந்தது. இப்போது என்ன செய்யப் போகிறாய்? அதுதான் கேள்வி!

தஞ்சாவூர்ப் பக்கம் கல்லணைக் கால்வாயை இன்றும் புது ஆறு என்றுதான் சொல்வார்கள். வழக்கப்படி ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறந்து, கால்வாயில் தண்ணீர் நிறைந்து ஓடும் நாட்களில், மேலே பார்த்தால் அமைதி. உள்ளே இழுப்பு. அந்த இழுப்பில் வண்டிக்காக மறுபடி குதிக்கிறவனை வீரன் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆளைக் கூப்பிடு! கயிறு கேள்! நீச்சல் தெரிந்தவர் இறங்கட்டும். கயிற்றை ஹேண்டில்பாரில் கட்டாதே, சேஸிஸில் கட்டு. நாலு பேர் பிடித்தால் மேலே வந்துவிடும்.

வெட்கமாக இருக்கிறதா? யாரோ செல்போனில் படம் பிடிக்கிறார்களா? பிடிக்கட்டுமே! உன் வண்டியை இழுக்க அவர்கள் கை வேண்டும். உன் கூச்சத்தால் யாருக்கு என்ன லாபம்?

வண்டி மேலே வந்தாயிற்று. சேறு வழிகிறது. சைலன்ஸரிலிருந்து தண்ணீர் ஒழுகுகிறது.

இப்போதுதான் ஆபத்து!

கூட்டத்திலிருந்து ஒரு குரல் வரும். எப்போதும் வரும். "ஸ்டார்ட் பண்ணிப் பாருப்பா!"

பண்ணாதே!

சாவியைத் திருப்பாதே! செல்ஃப் பட்டனைத் தொடாதே! கிக்கரை மிதிக்காதே!

ஏன் தெரியுமா? உன் வண்டியின் பிஸ்டன் மேலே வரும்போது, சிலிண்டருக்குள் இருக்கும் காற்றையும் பெட்ரோலையும் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு இடத்துக்குள் அழுத்தும். காற்று அழுந்திக் கொடுக்கும். தண்ணீர் அழுந்தாது. அரை விரலளவு இடம்கூட விட்டுக் கொடுக்காது. அப்போது எது வளையும்? கனெக்டிங் ராடு வளையும். பிஸ்டன் உடையும். சில நூறு ரூபாயில் முடிய வேண்டிய வேலை பல ஆயிரத்துக்குப் போகும்.

பேட்டரி இணைப்பில் இருக்கும்போது சாவியைத் திருப்பினால் ஈரமான வயரிங்குக்குள் மின்சாரம் ஓடும். ஃபியூஸ் போகும். அதிர்ஷ்டம் கெட்டால் அதைவிட விலை உயர்ந்ததும் போகும்.

தண்ணீரில் விழுந்ததால் செத்த என்ஜின்கள் கொஞ்சம்தான். விழுந்த பிறகு அவசரப்பட்டு உதைத்ததால் செத்தவை ஏராளம்!

உன்னைப் பார்த்துக் கேட்கிறேன். ஏன் உடனே ஸ்டார்ட் பண்ணத் துடிக்கிறாய்? வண்டிக்காகவா? இல்லை! "ஒன்றும் ஆகவில்லை" என்று அந்தக் கூட்டத்துக்குக் காட்டுவதற்காக. விழுந்ததைச் சீக்கிரம் மறைத்துவிட வேண்டும் என்ற வீம்பு!

பரீட்சையில் தோற்றவன் மறுநாளே எதையாவது சாதித்துக் காட்டத் துடிக்கிறான். கடையில் நஷ்டப்பட்டவன் அடுத்த வாரமே கடன் வாங்கி இன்னொரு கடை திறக்கிறான். உள்ளே புகுந்த தண்ணீரை வெளியேற்றாமல் உதைக்கிற உதை அது!

பொறு. பொறுப்பது பயமில்லை.

பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்று. நாலு பக்கமும் போட்டோ எடு. சேற்றைக் கழுவுவதற்கு முன்னால் எடு! முழு இன்ஷூரன்ஸ் இருந்தால் வெள்ளத்துக்கும் விபத்துக்கும் வழி உண்டு. தேர்ட் பார்ட்டி மட்டும் என்றால் உன் வண்டிக்கு ஒன்றும் வராது. மூழ்கிய வண்டியை உதைத்து என்ஜினைக் கெடுத்துக்கொண்டால், "அது நீங்களே வரவழைத்துக்கொண்ட சேதம்" என்று கம்பெனி கையை விரிக்கக்கூடும். இதற்கும் சேர்த்துத்தான் கிக்கரைத் தொடாதே என்கிறேன்.

வண்டியைத் தள்ளு. நியூட்ரலில் போட்டுத் தள்ளு. வீடு தூரமா? டாட்டா ஏஸ் பிடி.

வீட்டு வாசலில் அடுத்த எதிரி காத்திருப்பான். அன்பாகப் பேசுவான்.

"ராசி இல்லாத வண்டி. வித்துடு."

"அன்னைக்கே சொன்னேன், கறுப்புக் கலர் வேணாம்னு."

"கண்ணு பட்டிருக்கு."

திருஷ்டி சுற்றட்டும். எலுமிச்சம்பழம் வைக்கட்டும். பெரியவர்கள் மனசு ஆறும், தடுக்காதே. ஆனால் எலுமிச்சம்பழம் ஆயிலை மாற்றாது! அதை நீதான் மாற்ற வேண்டும்!

இன்னொரு குரல் உனக்குள்ளிருந்தே வரும். இது மிக மோசமானது. "இரண்டு நாள் வெயிலில் காயட்டும். ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம்."

எதைக் காய வைக்கப் போகிறாய்? என்ஜினுக்குள்ளே வெயில் போகுமா? வயரிங் கப்ளருக்குள் போகுமா? வீல் பேரிங்குக்குள் போகுமா? வெளியே டேங்க் பளபளவென்று காயும். உள்ளே துரு தன் வேலையை ஆரம்பித்திருக்கும். அது ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்காது!

உன் வண்டி மட்டும்தானா முழுகியது? 2015 டிசம்பர் 1. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை. அடையாறு கரை மீறியது. சென்னையில் எத்தனை தெருக்களில் பைக்குகள் சீட்டுக்கு மேல் முழுகிக் கிடந்தன! தண்ணீர் வடிந்த பிறகு ஒவ்வொரு மெக்கானிக் கடை வாசலிலும் வரிசை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது மறுபடியும் அதே வரிசை. அதே மாதம் தெற்கே காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. கொட்டியது. தூத்துக்குடித் தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது.

அந்த வண்டிகள் எல்லாம் பழைய இரும்புக்கா போயின? இல்லை! எத்தனையோ வண்டிகள் மறுபடி ஓடின. டெலிவரி கொடுத்தன. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டன.

ஊரே முழுகும்போது மெக்கானிக் வாயிலிருந்து வரும் முதல் கேள்வி ஒன்றுதான்: "ஸ்டார்ட் பண்ணீங்களா?"

"இல்லண்ணே" என்று சொல்ல முடிந்தால் அவர் முகத்தைப் பார். தெளிந்துவிடும்.

உனக்கு மெக்கானிக் வேலை தெரியாதா? தெரியாவிட்டால் என்ன? ஸ்பேனர் பிடித்துக்கொண்டு யார் பிறந்தார்கள்? கடைக்குக் கொடு. ஆனால் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார். என்ன கழற்றுகிறார், ஏன் கழற்றுகிறார் என்று கேள். ஐந்து வருடம் ஓட்டிய வண்டியின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று இன்றைக்காவது பார்!

ஸ்பார்க் பிளக் கழலும். ஏர் ஃபில்டர் கழலும். ஃபோம் என்றால் கழுவலாம், பேப்பர் என்றால் தூக்கிப் போட வேண்டியதுதான். முன் சக்கரத்தைத் தூக்கி வண்டியை நிமிர்த்தினால் சைலன்ஸரில் தங்கிய தண்ணீர் குபுகுபுவென்று கொட்டும்.

அடியில் டிரெயின் போல்ட். அதைத் திறக்கும் நிமிடம் எனக்குப் பிடித்த நிமிடம். யாரும் உதைக்காமல் நின்ற என்ஜினில் தண்ணீர் கனமாக அடியில் தங்கியிருக்கும். முதலில் தண்ணீர் வரும், பின்னால் எண்ணெய் வரும். உள்ளே அடித்துக் கலக்கியிருந்தால் பால் விட்ட டீயின் நிறத்தில் வரும். மனிதர்கள் பொய் சொல்லலாம். டிரெயின் போல்ட் சொல்லாது.

டேங்க்கை முழுசாக இறக்கு. தண்ணீர் பெட்ரோலுக்கு அடியில் போய்த் தங்கும். இப்போது பங்கில் போடுவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் தண்ணீரை இழுத்துக்கொண்டு பிரிந்து அடியில் இறங்கிவிடும். "மேலாக இருக்கிறதை மட்டும் வடித்து எடுத்துக்கலாம்" என்று கஞ்சத்தனம் பண்ணாதே. கெட்டுப்போனதில் பாதியைக் காப்பாற்றப் போய் நல்லதையும் கெடுக்காதே!

கார்புரேட்டர் வண்டியா? அடிக் கிண்ணத்தைத் திறந்து துடை. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 புகை விதி வந்த பிறகு வாங்கியதா? அநேகமாக எஃப்.ஐ., அதாவது ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டி. பெட்ரோல் பம்ப், சென்சார், ஈ.சி.யு. என்று எல்லாம் மின்சாரம். அங்கே வீட்டு வைத்தியம் வேண்டாம். தெரிந்தவர் கையில் கொடு. தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்ளவும் நெஞ்சுரம் வேண்டும்!

உப்புத் தண்ணீரில் விழுந்ததா? காயலா, கடற்கரையா? அப்படியானால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதே. நல்ல தண்ணீர் விட்டு அலசு, அலசு, அலசிக்கொண்டே இரு. உப்பு அலுமினியத்தை அரிக்கும். வயரின் செம்பைத் தின்னும்.

பிளக் ஓட்டையில் கொஞ்சம் ஆயில் விடு. இப்போது, இப்போதுதான், கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்து. சுற்றுகிறதா? அப்பாடா! சுற்றாமல் இறுகி நிற்கிறதா? அங்கேயே நிறுத்து. ஓடிக்கொண்டிருக்கும்போதே என்ஜின் தண்ணீரைக் குடித்திருக்கலாம், ராடு அப்போதே வளைந்திருக்கலாம். என்ஜின் ஹெட்டைத் திறந்து பார்க்க வேண்டும். பலம் காட்டும் இடம் இது இல்லை.

சுற்றினால் மிதி! பிளக் இல்லாமல் மிதி! ஓட்டையிலிருந்து தண்ணீர் பீச்சி அடிக்கும். மறுபடி மிதி! வெறும் காற்று வரும் வரை மிதி!

புது ஆயில். புது பிளக். புது ஃபில்டர். கப்ளர் ஒவ்வொன்றும் பிரித்துக் காற்றடித்துக் காய வைத்தது. பேட்டரி இணைத்தாயிற்று.

ஸ்டார்ட் பண்ணு.

வரவில்லை.

என்ன, முகம் தொங்கிவிட்டது? ஒரு தடவையிலேயே வரும் என்று யார் உனக்கு எழுதிக் கொடுத்தார்கள்? பிளக்கைக் கழற்று. ஈரமா? துடை. மாட்டு. மறுபடி!

இருமும். ஒரு நொடி உறுமும். அணையும். மறுபடி! மேக்னட் பக்கம் ஈரம் இருக்கிறதா பார். மறுபடி!

பிடித்துக்கொள்ளும்! சைலன்ஸரில் வெள்ளைப் புகை கக்கும். பயப்படாதே, உள்ளே தங்கிய ஈரம் போகிறது. ஆனால் உடனே ஊர் சுற்றக் கிளம்பாதே! சில நிமிடம் ஓட விட்டு அணை. இன்று ஊற்றிய ஆயிலையும் வடி. மறுபடி வெளுத்து வருகிறதா? இன்னொரு தடவை மாற்று. "ஆயிலுக்கு இவ்வளவு செலவா?" என்று கணக்குப் பார்க்கிறாயா? ஒரு லிட்டர் ஆயிலின் விலையையும் ஒரு என்ஜின் வேலையின் கூலியையும் அருகருகே எழுதிப் பார், வாயடைத்துப் போவாய்.

பிரேக் டிரம்மைப் பிரித்துச் சேற்றை எடு, ஷூவை எமரி பேப்பரில் தேய். பேரிங், கோன் செட், செயின். இதில் பிரேக்கை மட்டும் நாளைக்கு என்று தள்ளினால் அடுத்த கால்வாய் உனக்காகக் காத்திருக்கிறது!

எல்லா வண்டியும் பிழைக்குமா? பிழைக்காது. சேஸிஸ் வளைந்திருந்தால் விட்டுவிடு. பாலிசியில் வண்டிக்குப் போட்டிருக்கும் மதிப்பான ஐ.டி.வி.யில் முக்கால் பங்குக்கு மேல் பழுதுச் செலவு வந்தால் இன்ஷூரன்ஸ்காரர்களே முழு நஷ்டமாகக் கணக்கிடுவார்கள். கழிப்பதும் ஒரு முடிவுதான். ஆனால் கணக்குப் போட்டுக் கழி, கண்ணீரில் கழிக்காதே! மூழ்கிய வண்டி என்பதை மறைத்து இன்னொருவன் தலையில் கட்டாதே!

2011 மார்ச்சில் ஜப்பானைச் சுனாமி அடித்தது. மியாகி மாகாணத்தில் ஒருவரின் ஹார்லி டேவிட்சனைப் பெட்டியோடு கடல் கொண்டுபோனது. ஒரு வருடத்துக்கு மேல் பசிபிக்கில் மிதந்து 2012 ஏப்ரலில் கனடாவின் மேற்குக் கரைத் தீவு ஒன்றில் ஒதுங்கியது. துருப்பிடித்து, உப்பேறி, மணலில் புதைந்து. நம்பர் பிளேட்டை வைத்து உரிமையாளரைக் கண்டுபிடித்தார்கள். வீட்டையும் சொந்தங்களையும் சுனாமிக்குப் பறிகொடுத்த மனிதர் அவர். புதுப்பித்துத் தருகிறோம் என்றது கம்பெனி. அவர் என்ன சொன்னார்? வேண்டாம் என்றார். இறந்தவர்களின் நினைவாக அப்படியே வைக்கச் சொன்னார். அமெரிக்காவின் மில்வாக்கியில், ஹார்லி அருங்காட்சியகத்தில், துருவோடு வைக்கப்பட்டது.

கடல் எல்லாவற்றையும் எடுத்த பிறகும் அந்த வண்டியை என்ன செய்வது என்று அவர்தான் முடிவு செய்தார். பக்கத்து வீட்டுக்காரர் இல்லை. ராசி இல்லை. நீ மட்டும் ஏன் உன் முடிவை அடுத்தவன் வாயில் தேடுகிறாய்?

வண்டி தயார். சாவி கையில். ஆனால் கால் தயங்குகிறது, அப்படித்தானே? அந்தக் கரைச் சாலை ஞாபகம் வருகிறது. தண்ணீரின் அந்த இருட்டு மூக்கு வரை ஏறுகிறது.

வரட்டும்! பயம் போன பிறகு ஓட்டுவேன் என்று உட்கார்ந்தால் டயர் காற்றுதான் போகும். பகலில் போ. ஹெல்மெட் போட்டுப் போ. 30-இல் போ. அந்த வளைவில் நிறுத்து. எங்கே தவறியது என்று பார். ஜல்லி இருந்ததா? தடுப்புச் சுவர் இல்லையா? அப்படியானால் பஞ்சாயத்து அலுவலகத்தில் எழுதிக் கொடு. அடுத்தவன் அதே இடத்தில் விழ வேண்டுமா?

இப்போது மணி என்ன? ஸ்பேர் பார்ட்ஸ் கடை இன்னும் திறந்துதான் இருக்கும். ஆயில் இரண்டு லிட்டராகவே வாங்கு. டிரெயின் போல்ட்டுக்குப் புது வாஷரும் சேர்த்துக் கேள், பழையதைப் போட்டால் ஒழுகும்.

இன்னும் ஏன் உட்கார்ந்திருக்கிறாய்? எழுந்திரு!