வீடு விளங்காது

பத்து வயதில் அண்ணன் எனக்குச் சீட்டியடிக்கக் கற்றுக்கொடுத்தான். உதட்டைக் குவி, நாக்கு நுனியைக் கீழ்ப்பல்லுக்குப் பின்னால் வை, மெல்ல ஊது. மூன்று நாள் காற்று மட்டும்தான் வந்தது. நான்காம் நாள் சாயங்காலம் மெல்லிய கம்பி போல ஒரு ஒலி வந்தது. திண்ணையில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த ஆச்சி நிமிர்ந்து பார்த்தாள்.

“ஏட்டி, பொட்டப்பிள்ள சீட்டியடிச்சா வீடு விளங்குமா?”

அண்ணனும் பக்கத்தில்தான் நின்று அடித்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் ஆச்சி ஒன்று சொன்னாள்: “ஏலே, இருட்டப்போவுது. ராத்திரியில அடிக்காத, பாம்பு வந்துரும்.”

இரண்டையும் மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லில் சொல்லிவிடலாம். இரண்டும் ஒன்றல்ல என்று புரிய எனக்கு நெடுநாள் ஆயிற்று. அண்ணனுக்குச் சொன்னதில் ஒரு நேரம் இருந்தது. விடிந்தால் அவன் மறுபடி அடிக்கலாம். எனக்குச் சொன்னதில் நேரமே இல்லை. அவனுக்கு வரும் ஆபத்து வெளியிலிருந்து வருகிறது. என் விஷயத்தில் ஆபத்தே நான்தான்.

பாம்புக் கதையைச் சோதித்துப் பார்க்க முடியும். அண்ணன் பார்த்தான். ஒரு ராத்திரி கொல்லைப்புறத்தில் நின்று வாய் வலிக்க அடித்தான். கொசு மட்டும் வந்தது. பாம்புக்கு வெளிக்காது கிடையாது. தரையின் அதிர்வைத் தாடை எலும்பு வழியாக உள்காது வாங்கிக்கொள்கிறது. காற்றில் வரும் ஒலியும் ஓரளவு எட்டும், ஆனால் நொடிக்குச் சில நூறு அதிர்வுகள் கொண்ட தாழ்ந்த ஒலிதான் நன்றாக எட்டும். சீட்டியோ பெரும்பாலும் ஆயிரத்துக்கு மேல். மகுடிக்கு ஆடும் பாம்பும் இசையைக் கேட்டு ஆடுவதில்லை; கண்முன் அசையும் குழலைத் தொடர்ந்து அசைகிறது.

‘வீடு விளங்காது’ என்பதை எப்படிச் சோதிப்பது? எந்த வீட்டில்தான் கஷ்டம் வராமல் இருந்தது? அந்த வருடம் அப்பாவின் கடை நொடித்தது. சரக்கைக் கடனுக்கு வாங்கிப்போனவர்கள் திருப்பித் தரவில்லை, அதுதான் காரணம். யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையே இருக்கவில்லை. கடைக் கதவு கடைசியாகச் சாத்தப்பட்ட நாளில் நான் என் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். அதன் பிறகு முப்பது வருடம் நான் சீட்டியடிக்கவில்லை.

உலகம் முழுக்க இந்த ஒலியைப் பற்றிய பயம் இருக்கிறது. ரஷ்யாவில் வீட்டுக்குள் சீட்டியடித்தால் காசு தங்காது என்பார்கள். பாய்மரக் கப்பல் காலத்து மாலுமிகள் அது புயலை அழைக்கும் என்று பயந்தார்கள். காற்றே இல்லாமல் கப்பல் நின்றுவிட்டால் மட்டும் மெல்ல அடித்துப் பார்ப்பார்கள். ஐரோப்பிய நாடக மேடைகளிலும் தடை உண்டு. மேலே திரைகளையும் பாரங்களையும் ஏற்றி இறக்கும் ஆட்கள் சீட்டியால் சைகை கொடுத்துக்கொண்டதாகவும், தெரியாமல் ஒருவர் அடித்தால் தலையில் பாரம் இறங்கிவிடும் என்றும் அதற்குக் காரணம் சொல்கிறார்கள். இவையெல்லாம் ஓர் இடத்தை, ஒரு நேரத்தைப் பற்றிய விலக்குகள். பெண் என்று வரும்போதுதான் விலக்கு ஒரு பிறவியைப் பற்றியதாகிறது. சீட்டியடிக்கும் பெண்ணையும் கூவும் பெட்டைக்கோழியையும் ஒன்றாக வைத்துப் பழிக்கும் பழமொழி ஆங்கிலேயர்களிடம் இருக்கிறது. அந்தக் கோழியைக் கழுத்தைத் திருகுவார்கள் என்பது நமக்கும் தெரிந்த சேதிதான்.

வேடிக்கை என்னவென்றால், சீட்டிக்கு ஆண் பெண் கிடையாது. பேசும்போது குரல்நாண்கள் அதிர்கின்றன. அவற்றின் நீளமும் தடிமனும்தான் ஆண்குரல், பெண்குரல் என்று பிரிக்கின்றன. சீட்டியில் குரல்நாண்களுக்கு வேலையே இல்லை. உதட்டுத் துளை வழியே போகும் காற்றுக்கு வாய்க்குள் இருக்கும் வெளி எதிரொலிக்கிறது. நாக்கு நகர்ந்து அந்த வெளியைச் சுருக்கி விரிக்க, சுரம் மாறுகிறது. சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவர் சீட்டியடித்தால் ஆணா பெண்ணா என்று உங்களால் சொல்ல முடியாது. ஒருவேளை அதுதான் உறுத்துகிறதோ என்னவோ.

மேகாலயாவில் கோங்தோங் என்று ஒரு காசி ஊர் இருக்கிறது. அங்கே குழந்தை பிறந்ததும் தாய் அதற்கென்று ஒரு மெட்டைக் கட்டுகிறாள். அந்த மெட்டே குழந்தையின் இன்னொரு பெயர். வீட்டில் கூப்பிட அதன் சிறு துண்டு. காட்டிலும் மலைச்சரிவிலும் கூப்பிட முழு மெட்டு. இந்த வழக்கத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரே குலத்தின் ஆதித்தாயை நினைவுகூர்வது. அது தாய்வழிச் சமூகம். ஸ்பெயினின் லா கோமேரா தீவில் ஆழமான பள்ளத்தாக்குகளுக்கு மேலே மக்கள் சீழ்க்கையாலேயே ஸ்பானிய மொழி பேசுகிறார்கள். 1999 முதல் அது பள்ளிப் பாடம். 2009இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது. வகுப்பில் சிறுமிகளும் விரலை வாயில் வைத்துத்தான் பாடம் படிக்கிறார்கள். லாஸ் ஏஞ்சலிஸில் 1909இல் ஆக்னஸ் உட்வர்ட் என்ற பெண் சீட்டிக்கலைக்கென்றே ஒரு பள்ளி நடத்தத் தொடங்கினார். எந்த ஊரும் இதனால் விளங்காமல் போகவில்லை.

ஆனால் இந்தத் தகவல்களைச் சொன்னால் ஆச்சி மாறியிருப்பாளா? மாட்டாள். மூடநம்பிக்கை அறியாமை என்றால் அறிவைக் கொண்டு தீர்த்துவிடலாம். என் ஆச்சி அறியாதவள் இல்லை. சீட்டி ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று தெருவுக்கே சொல்கிறது என்பதும், அப்படிச் சொல்லும் பெண்ணைத் தெரு என்ன செய்யும் என்பதும் அவளுக்கு நன்றாகத் தெரியும். அந்தப் பயத்தை அவள் நேராகச் சொல்லவில்லை. சொன்னால் ஆண்களைப் பற்றிப் பேச வேண்டும். அதனால் வீட்டின் மேல் போட்டாள். வீடு என் மேல் விழுந்தது.

எனக்குத் தடுக்கப்பட்ட அதே ஒலி பதினைந்து வயதில் என்னைத் துரத்தியது. பஸ் நிறுத்தத்தில், டீக்கடை வாசலில், சைக்கிளில் கடந்துபோகும் வாயிலிருந்து. பெண்ணை இழிவுபடுத்தும் நோக்கத்தோடு எழுப்பும் ஒலியும் குற்றம் என்று 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்திலேயே இருந்தது. தமிழ்நாடு 1998இல் தனிச் சட்டமும் கொண்டுவந்தது. அந்தப் பையன்களின் சீட்டியால் எந்த வீடு விளங்காமல் போகும் என்று யாரும் கேட்டதில்லை. நாங்கள்தான் தலையைக் குனிந்து, நடையை எட்டிப்போட்டோம்.

போன வருடம் என் மகள் யூடியூப் பார்த்துச் சீட்டியடிக்கக் கற்றுக்கொண்டாள். அடுக்களைக்கு வந்து அடித்துக் காட்டினாள். நன்றாகத்தான் அடித்தாள். என் வாய் என்னைக் கேட்காமல் சொன்னது: “தெருவுல அடிக்காதம்மா.”

“ஏன்?”

பாம்பும் வரவில்லை, வீடும் வரவில்லை. நான் ஆச்சியைவிட எவ்வளவு தூரம் வந்திருக்கிறேன் என்று அந்த ஒரு கேள்வி அளந்துவிட்டது. பயம் எனக்கும் அதேதான். ஆனால் பயத்தை யார் கணக்கில் எழுதுவது என்பதை நான் தீர்மானிக்கலாம்.

“நீ செய்யறது தப்புன்னு இல்ல. கேக்கறவன் தப்பா எடுத்துப்பானோன்னு எனக்குப் பயம். பயம் என்னோடது, தப்பு அவனோடது. ரெண்டும் உன்னோடது இல்ல.”

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். “அப்ப அடிக்கட்டுமா, வேண்டாமா?”

அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. உன் இஷ்டம் என்றேன். எதையும் அவள் தலையில் ஏற்றாமல் அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. பிறகு அவளையே எனக்குச் சொல்லித்தரச் சொன்னேன். உதட்டைக் குவி, நாக்கைக் கீழே வை, மெல்ல ஊது. முப்பது வருடத்துக்குப் பிறகு, மூன்று நாள் காற்று மட்டும்தான் வந்தது.