நித்தியமும் நைமித்திகமும்

சாஸ்திரம் விதித்த கர்மங்களை நித்தியம், நைமித்திகம், காம்யம் என மூவகையாகப் பெரியோர் பகுத்தனர். நாள்தோறும் தவறாது செய்யத்தக்கது நித்தியம். ஒரு நிமித்தம் பற்றிக் குறித்த காலத்தில் செய்வது நைமித்திகம். பயன் கருதிச் செய்வது காம்யம். அபிகமனம், உபாதானம், இஜ்யை, ஸ்வாத்யாயம், யோகம் என்று ஒரு பகலிரவை ஐந்தாக வகுத்த பாஞ்சராத்ர முறை நித்தியத்தைச் சேர்ந்தது, உற்சவம் நைமித்திகம். திருநாளில் பல்லாயிரவர் கூடுகின்றனர்; மற்றைய நாட்களின் விடியற்கால ஆராதனத்தில் சிலரே நிற்கின்றனர். இவ்விரண்டில் ஏற்றம் எதற்கு என்னும் ஐயம் எழுவது இயல்பே.

திருவரங்கத்து வரலாறு இதற்கு விடை பகர்கின்றது. 1323-ஆம் ஆண்டுப் படையெடுப்பின்போது உற்சவ மூர்த்தியை அடியார்கள் மறைவாக எழுந்தருளப்பண்ணிச் சென்றனர். பிள்ளை லோகாசார்யர் முதிர்ந்த பிராயத்தில் உடன் சென்று, வழியில் ஜ்யோதிஷ்குடியில் பரமபதம் அடைந்தார். கேரள தேசம், திருநாராயணபுரம், திருமலை எனப் பல இடங்களில் பெருமாள் தங்கினார். கோபணாரியர் அவரைச் செஞ்சிக்கு எழுந்தருளப்பண்ணிச் சிலகாலம் ஆராதித்து, சகாப்தம் 1293-இல், அதாவது கி.பி. 1371-இல், அரங்கத்தில் மீண்டும் பிரதிஷ்டை செய்தார். கோயிற் கல்வெட்டுச் சுலோகம் இதைக் கூறும். ஆண்டினை எண்ணால் அன்றி எழுத்துக் குறிப்பால் உணர்த்தும்.

அன்று ஒரு சிக்கல் நேர்ந்ததாகக் கோயிலொழுகு கூறுகின்றது. இடைக்காலத்தில் வேறொரு திருமேனி ஆராதனத்தில் இருந்தது. ஏறக்குறைய நாற்பத்தெட்டு ஆண்டுகள் கழிந்தமையால் பழைய பெருமாள் எவர் என்று தெளிவாரில்லை. முற்காலத்தில் பெருமாளின் திருப்பரிவட்டங்களை வெளுத்துவந்த ஈரங்கொல்லி ஒருவர், கண்ணொளி இழந்த முதியவராய் இருந்தார். இரு மூர்த்திகளுக்கும் திருமஞ்சனம் செய்வித்து, ஈர ஆடைத் தீர்த்தத்தை அவருக்குக் கொடுத்தனர். அவர் அதனைச் சுவைத்து, “இவரே நம்பெருமாள்” என்றார். அத்திருநாமமே இன்றளவும் வழங்குகின்றது.

இங்கு ஆராயத்தக்கது ஒன்று உண்டு. வரலாற்றில் நின்ற அந்த நன்னாளுக்குச் சான்றளித்தது அரசாணையும் அன்று. வித்வான்களின் வாதமும் அன்று. எவரும் குறித்துவைக்காத எத்தனையோ நாட்களில் ஓர் எளியவர் செய்த கைங்கர்யமே சான்றாயிற்று. நித்தியம் வேர், நைமித்திகம் மலர். எனினும், அந்நாள் வாராதிருப்பின் அவர் கைங்கர்யத்தின் பெருமையை உலகம் அறிந்திராது. ஆதலின் மலரும் வேண்டியதே.

“கொள்ளையும் கொலையும் நிகழ்ந்த காலத்தை நினைப்பது பகையை வளர்க்காதோ?” எனச் சிலர் வினவலாம். இழைத்தவரையே எண்ணினால் வளர்க்கும். சுமந்தவரையும் காத்தவரையும் எண்ணினால் நன்றியே வளரும். தீங்கினை மறைத்துக் கூறுதல் சத்தியம் ஆகாது. அதனையே போற்றி வைத்திருத்தல் வைணவம் ஆகாது. நினைவு கைங்கர்யமாக முடிதல் வேண்டும்.

உற்சவம் சேவித்து இல்லம் திரும்பும் அன்பர்கள், ஒரு விளக்கோ, ஒரு திருத்துழாய்த் தளமோ, ஒரு திருநாமமோ, இயன்றதொன்றை நாள்தோறும் விடாது செய்வார்களாக. கொடியிறங்கிய பின்னும் திருநாள் அவர்கள் இல்லத்தில் நிலைபெறும்.