கணக்கில் வராத வரவு

எளிய வாழ்வு உயர்ந்தது என்பதை எவரும் மறுப்பதில்லை. ஆயின், அவ்வெளிமைக்கு விலை கொடுப்பவர் யார் என்ற வினாவை நாம் எழுப்புவது அரிது.

நாம் வாழும் ஐதராபாத்தில், உஸ்மானியாப் பல்கலைக்கழக வளாகத்தில், 1964ஆம் ஆண்டு அமெரிக்கவியல் ஆராய்ச்சி மையம் நிறுவப்பட்டது. நாடெங்கணுமிருந்து இலக்கிய ஆய்வாளர்கள் அதன் நூலகத்தை நாடி வந்தனர். அமெரிக்க இலக்கியம் பயில்வோர் தவிர்க்கவியலாத எழுத்தாளருள் ஒருவர் ஹென்றி டேவிட் தோரோ (1817–1862).

1845 ஜூலை 4 அன்று, கான்கார்டு என்னும் ஊருக்கு அருகே, வால்டன் குளக்கரையில் தாமே எழுப்பிய குடிலில் அவர் குடிபுகுந்தார். ஈராண்டுக்கு மேல் அங்கே இயற்கையோடு இயைந்து வாழ்ந்தார். குடிலுக்கு ஆன செலவு 28 டாலர் 12½ சென்ட் என அரைச் சென்டும் விடாமல் எழுதி வைத்தார். கோப்புகளிடையே காலந்தள்ளும் நம்போன்ற எழுத்தர்க்கு அக்கணக்கு உவப்பளிப்பதில் வியப்பில்லை.

அவரைப் பற்றிய ஆவணப்படம் குறித்து அறிஞர் கூடி உரையாடுமிடத்து, ஒரு குற்றச்சாட்டு எழாமற் போவதில்லை. குடில் நின்ற நிலம் நண்பர் எமர்சனுடையது. தாய்வீட்டு உணவும் அவருக்கு எட்டும் தொலைவில் இருந்தது. அடிமை முறைக்குத் துணைபோகும் அரசுக்கு வரி கொடேன் என்று 1846இல் சிறை புகுந்தவரை மறுநாளே வெளிக்கொணர்ந்தது வேறொருவர் கட்டிய பணம். ஆகவே அவர் வேடதாரி என்பர் ஒருசாரார்.

நாம் அதற்கு உடன்படோம். அந்த ஓரிரவின் சிந்தனை 1849இல் கட்டுரையாகிப் பின்னாளில் தென்னாப்பிரிக்காவிலிருந்த காந்தியடிகளை எட்டியது. பிறர் துணை பெற்றமையால் ஓர் உண்மை பொய்யாகிவிடாது. வெளியே உண்டதையும், வரியைப் பிறர் கட்டியதையும் தோரோ மறைத்தவருமல்லர். ஆயினும் அவர் போட்ட கூட்டுத்தொகையில் அவற்றுக்கு இலக்கமில்லை. அன்பினால் வரும் வரவுக்கு நம்மில் எவர்தாம் இலக்கமிட்டோம்?

கையூட்டு வாங்கேன் என்ற உறுதியை நாம் இருபது ஆண்டுகள் நம் தனிச்சொத்தாகவே எண்ணியிருந்தோம். மகளின் கல்லூரிக் கட்டணத்திற்காக இல்லாள் வாய்திறவாமல் வளையலைக் கழற்றித் தந்த அன்றுதான் மெய் விளங்கிற்று. ஊரிலிருக்கும் தாய், மணியார்டர் தொகையைக் கூட்டிக் கேளாமல் தம் கண் சிகிச்சையைத் தள்ளிப்போட்டதும் அப்பொழுதே உறைத்தது. நாம் மறுத்த பணத்தை அவ்விருவரும் செலுத்தி வந்திருக்கின்றனர்.

அதனால் நேர்மையைக் கைவிடுக என்பது நம் கருத்தன்று. அதற்குத் தோள் கொடுப்போர் யாரென அறிந்து, அவர்தம் இசைவைக் கேட்டு, அவர் பெயரையும் கணக்கில் எழுதுதல் வேண்டும். துறவிக்கு எளிமை தனியுடைமையாகலாம். இல்லறத்தானுக்கோ அது கூட்டுச் சொத்து.