யாரை நம்பித் தளம் போடுவது?

வீடு கட்டத் தொடங்கும் எவருக்கும் ஊர் சொல்லும் முதல் புத்திமதி, "நல்ல ஆளாப் பாத்து வேலையக் குடு" என்பதுதான். நல்ல ஆள் யார்? சொந்தக்காரரா, சாதிக்காரரா, சதுரத்துக்குக் குறைந்த கூலி கேட்பவரா? இந்தக் கேள்விகளுக்கு அடியில் ஓர் அறக்கேள்வி இருக்கிறது. கேள்வி கேட்க இடமில்லாத ஒருத்தி ஒருவரை 'நம்புகிறாள்' என்று சொல்ல முடியுமா?

சுவர் கோணினால் கண்ணுக்குத் தெரியும். தளம் அப்படியல்ல. கான்கிரீட் போட்டு முடித்துவிட்டால், கம்பியை எவ்வளவு இடைவெளியில் கட்டினார்கள், அதன் அடியில் கவர் கட்டை வைத்தார்களா, கலவை இளக வேண்டுமென்று எத்தனை வாளி தண்ணீர் கூடுதலாக ஊற்றினார்கள் என்பதெல்லாம் மூடிப்போகும். தண்ணீர் கூடினால் தளத்தின் வலு குறையும். கம்பிக்குப் போதிய மறைப்பு இல்லையென்றால் துருவேறி, பின்னாளில் பூச்சு பெயர்ந்து விழும். ஆக, யாரையாவது நம்பாமல் தளம் போட வழியில்லை.

கல்வராயன் மலையில் இது இன்னும் கடினம். வெள்ளிமலைக்கு மேலுள்ள ஊர்களுக்கு சிமெண்டும் கம்பியும் சென்ட்ரிங் தகடும் கீழிருந்து ஏற வேண்டும். மலையேறி வரச் சம்மதிப்பவரே காண்ட்ராக்டர் என்றாகும்போது, தேர்ந்தெடுப்பது எங்கே? 2024இல் தமிழக அரசு அறிவித்த கலைஞரின் கனவு இல்லம் திட்டம் 360 சதுர அடி வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் தருகிறது. அதில் 300 சதுர அடி கான்கிரீட் தளம். பிரதமரின் ஊரக வீட்டுத் திட்டமோ, சில விலக்குகள் தவிர, வீட்டைப் பெண் பெயரிலோ கணவன் மனைவி இருவர் பெயரிலுமோ ஒதுக்கச் சொல்கிறது. காகிதத்தில் அவள் உரிமையாளர். விலை பேசும்போது நாற்காலி ஆணுக்கு. தேநீர் கொண்டுவருவது அவள்.

நியூசிலாந்தில் பிறந்த தத்துவவாதி ஆனட் பேயர் 1986இல் நம்பிக்கையைப் பற்றி எழுதிய கட்டுரை இங்கே உதவும். ஆண் தத்துவவாதிகள் சமமானவர்களுக்கு இடையிலான ஒப்பந்தத்தையே பெரிதும் யோசித்தார்கள். சமமற்றவர்களுக்கு இடையிலான நம்பிக்கையை மறந்தார்கள் என்றார் அவர். நல்ல நம்பிக்கைக்கு அவர் வைத்த சோதனை எளிமையானது: எதைச் சார்ந்து இந்த நம்பிக்கை நிற்கிறது என்பது இருவருக்கும் தெரிந்த பிறகும் அது நிலைக்குமா? அவளுக்கு விவரம் தெரியாது என்பதையே நம்பியிருக்கும் காண்ட்ராக்டர் இந்தச் சோதனையில் தேறமாட்டார்.

அவளுக்கு விவரம் தெரியாது என்பதும் பொய். கலவைச் சட்டியைத் தலையில் சுமந்து ஏறுபவள் சித்தாள். கலவை தண்ணீராக ஓடுகிறதா என்பது அவள் தலைக்குத் தெரியும். ஆனால் எத்தனை ஆண்டு சுமந்தாலும் அவள் மேஸ்திரி ஆவது அரிது. தளம் போட்ட மறுநாள், பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவதும் பெரும்பாலும் வீட்டுப் பெண்ணின் பொறுப்பு. ஏழு நாளாவது, முடிந்தால் இரண்டு வாரம், தளம் காயக் கூடாது. மலையில் அந்தத் தண்ணீர் அவள் இடுப்புக் குடத்தில் வருகிறது. தளத்தின் உறுதியில் ஒரு பங்கு அவள் உழைப்பு. எந்தக் கூலிக் கணக்கிலும் அது இல்லை.

எனவே நம்பகமான ஆளைத் தேடும்போது, அவர் முன்பு கட்டிய வீட்டின் உரிமையாளரை மட்டும் விசாரித்தால் போதாது. அங்கே வேலை செய்த சித்தாள்களையும் கேட்க வேண்டும்: கூலியைச் சொன்ன நாளில் கொடுத்தாரா, ஆணுக்கும் பெண்ணுக்கும் எவ்வளவு வித்தியாசம் வைத்தார், சிமெண்டைக் குறைத்தாரா? தன்னைவிட எளியவளிடம் ஒருவர் எப்படி நடந்தார் என்பதைவிட நல்ல சான்று கிடையாது.

இவ்வளவு கேட்டால் நம்பிக்கை போய்விடாதா என்பார்கள். பேசிய தொகையை எழுதி வாங்குவதும், வேலை முடிந்த அளவுக்கே பணம் தருவதும், கான்கிரீட் போடுமுன் ஏணியேறிக் கம்பியைப் பார்ப்பதும் அவமதிப்பு அல்ல. ஆண்கள் செய்தால் அதற்குப் பெயர் விவரம். பெண் செய்தால் சந்தேகம் என்கிறார்கள். அவள் ஏணியேறி வரும்போது முகம் சுளிக்காமல், கம்பியை எண்ணிக் காட்டுபவரே நம்பகமானவர்.