வெள்ளைக் கொலரும் மனித மதிப்பும்

ஒரு சமுதாயத்தின் மனப்பாங்கை அதன் மரபுத்தொடர்கள் காட்டிவிடுவதுண்டு. 'வெள்ளைக் கொலர்', 'நீலக் கொலர்' என்னும் ஆங்கில வழக்குகள் அத்தகையன. மேசையிலிருந்து எழுதுவோன் வெண்சட்டை அணிந்தான். பொறிகளோடு உழைப்போன் அழுக்குத் தெரியாத நீலச் சட்டை அணிந்தான். அமெரிக்கச் சமூகவியலாளர் சி. றைற் மில்ஸ் 1951 இல் தம் நூலுக்கு 'வெள்ளைக் கொலர்' என்றே பெயரிட்டார். தொழிலின் வகையைச் சுட்டிய இச்சொற்கள் நாளடைவில் மனிதனின் தரத்தையும் சுட்டலாயின. இது முறையாகுமா என்பதே வினா.

'கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்' என்னும் யாழ்ப்பாணப் பழமொழி இன்னும் வெளிப்படையானது. வேலை எதுவாயினும் ஆகுக, அது அரசாங்க வேலையாதல் வேண்டும் என்பது அதன் கருத்து. இதனை வெறும் பகட்டென ஒதுக்குதல் பொருந்தாது. மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் மழையை நம்பியிருந்த குடும்பங்களுக்குக் காப்பாயின. குலத்தொழிலின் கட்டை அறுக்கச் சிலருக்கு வழியுமாயின. ஆயினும், பிறப்பின் தளையைத் தளர்த்திய உத்தியோகம் தானே மற்றொரு பிறப்பாயிற்று. சீதனப் பேச்சில் மணமகனுக்கு முன்னே அவனது பதவி சென்றமர்ந்தது. 1956 ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டம் தமிழருக்கு அரச பணியின் வாயிலை ஒடுக்கியபோது, அவ்வநீதி வருவாயோடு நில்லாது, பதவியால் தம்மை அளந்தோரின் தன்மதிப்பையும் தாக்கிற்று.

கொழும்பில் வெள்ளவத்தையை உத்தியோகத்தரின் இடமென்றும், துறைமுகத்தை அண்டிய கொட்டாஞ்சேனையை உழைப்பாளரின் இடமென்றும் பிரித்துப் பேசுவோர் உளர். ஆனால், கொட்டாஞ்சேனையில் வணிகரும் ஆசிரியரும் வாழ்கின்றனர். வெள்ளவத்தையிலோ ஒரு பெரிய நூற்பு நெசவு ஆலை இயங்கிற்று. 1933 இல் அதன் தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்தபோது, கொல்வின் ஆர். டி சில்வா அவர்களுக்குத் துணைநின்றார். இன்று அந்நிலத்தில் மாடிவீடுகள் உயர்ந்து நிற்கின்றன. எந்தக் கொலருக்கும் வேண்டிய துணி இத்தகைய ஆலைத் தொழிலாளரின் கைகளிலேயே உருவாகின்றது என்பதை அங்கு வாழ்வோருள் நினைப்பவர் சிலரே.

பிறப்பில் வேறுபாடு காணாத வள்ளுவர், சிறப்பு மட்டும் தொழிலுக்கேற்ப வேறுபடும் என்றார். இது வெள்ளைக் கொலருக்குச் சான்றாகாதா எனச் சிலர் வினவலாம். ஆகாது. தொழில் என்பதைச் செயல் எனக் கொள்ளின், சிறப்பைத் தருவது செயலின் செம்மையே. ஏழையின் விண்ணப்பத்தைக் காரணமின்றித் தாமதிக்கும் எழுதுவினைஞனிலும், சுமையைச் சேதமின்றி இறக்கும் துறைமுகத் தொழிலாளி சிறந்தவன்.

பல்கலைக்கழகப் படிவத்தில் தந்தையின் தொழிலை எழுதுகையில் ஒரு மாணவனின் கை தயங்குமாயின், அத்தயக்கம் தந்தைக்கு இழுக்கன்று. அவன் பெற்ற கல்வியின் குறையே அது.